படித்துறைக் கம்பிக்கு எண் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்றில் விழுந்த தங்கச் சங்கிலியை மெட்டல் டிடெக்டர் வைத்துப் பத்தே நிமிடத்தில் எடுத்துவிட்டதாகப் போன வாரம் உங்கள் பேப்பரில் ஒரு செய்தி வந்திருந்தது. எடுத்த இளைஞர்களுக்கு என் பாராட்டு. ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இதுவரை ஒன்பது பேர் எனக்குப் போன் செய்துவிட்டார்கள். "சார், உங்ககிட்ட அந்த மெஷின் இருக்காமே?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். ஒருவர் பதினோரு வருஷத்துக்கு முன்னால் திருப்பராய்த்துறையில் துலா முழுக்கின்போது விட்ட மூக்குத்தியைத் தேடித் தர முடியுமா என்று கேட்டார். சிரித்தால் கோபித்துக்கொள்வார். அதனால் "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்தேன். பார்க்க முடியாது என்பதை இந்தக் கடிதத்தில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் ஸ்ரீரங்கம். வெளிநாட்டில் இருக்கும் மகன் நான்கு வருஷத்துக்கு முன் தண்ணீருக்குள் முக்கினாலும் கெடாத ஒரு டிடெக்டரைக் கொண்டுவந்து கொடுத்தான். பொழுதுபோகாமல் வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போடுகிறேன் என்று அவன் அம்மா புகார் சொன்னதுதான் காரணம். அப்போதிலிருந்து காவிரியில் யாராவது நகையை விட்டுவிட்டுத் தவித்தால் போகிறேன். ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். தண்ணீர் இடுப்புக்கு மேல் என்றால் கிடையாது. காசும் வாங்குவதில்லை. இதுவரை இருபத்தாறு முறை தேடியதில் கிடைத்தது ஏழு முறை. இந்தக் கணக்கை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

செய்தியில் மெஷினைப் பற்றி எழுதியவர் அது ஏதோ தங்கத்தை மோப்பம் பிடிக்கும் நாய் மாதிரி எழுதியிருந்தார். மெஷினுக்குத் தங்கம் என்றால் என்னவென்றே தெரியாது. கீழே வட்டமாக இருக்கிறதே, அதுதான் காயில். அது விநாடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் எதிர்ப்பட்டால் அதற்குள் ஒரு சின்ன மின்னோட்டம் சுழல ஆரம்பிக்கிறது. அந்தச் சுழல் திருப்பி அனுப்புகிற மெல்லிய புலத்தை மெஷின் கேட்டு நம் காதில் ஒரு சத்தமாகப் போடுகிறது. விஷயம் அவ்வளவுதான். 22 காரட் தங்கத்தில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்துவது சுத்தத் தங்கத்தைவிட ரொம்பக் குறைவு. ஆகவே ஒரு மெல்லிய மோதிரமும் மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் என் ஹெட்போனில் கிட்டத்தட்ட ஒரே குரலில்தான் பேசும். தாளை வேண்டாம் என்று ஒதுக்கினால் மோதிரத்தையும் ஒதுக்கியதாகிவிடும். எல்லாவற்றையும் தோண்டித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்று, யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். மூன்று சவரன் சங்கிலியைவிட இரண்டு கிராம் மோதிரம் சுலபமாக அகப்படும். மோதிரம் முழு வட்டம். மின்னோட்டம் அதில் தடையில்லாமல் சுற்றி வரும். சங்கிலி அப்படி இல்லை. ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஒட்டிக்கொண்டு இல்லை. அதனால் மெஷினுக்கு அது நூறு சின்னஞ்சிறு வளையங்கள்; சங்கிலி என்ற முழுப்பொருள் அதற்குத் தெரியவே தெரியாது. பல சமயம் கொக்கி மட்டும்தான் லேசாக முனகும். பற்றவைத்த இடம் விட்டுப்போன மோதிரமும் இதே கேஸ்தான். மூக்குத்தியைப் பற்றி இனி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஆழமும் அப்படித்தான். மோதிரம் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே போய்விட்டால் என் மெஷினுக்குக் கேட்காது. தங்கம் மணலைப்போல ஆறு மடங்குக்கு மேல் கனம். ஓடும் தண்ணீரில் மணல் அசைய அசைய அது கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். எங்காவது களிமண்ணோ கல்லோ தட்டுப்பட்டால்தான் நிற்கும். இதையெல்லாம் விளக்குவதற்குக் காரணம் இருக்கிறது. காயிலின் அகலம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. காவிரியின் அகலம் உங்களுக்கே தெரியும். எந்த இடத்தில் விழுந்தது என்று தெரியாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினாக இருந்தாலும் ஒன்றுதான்.

அந்த இடம்தான் யாருக்கும் தெரிவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆடிப்பதினெட்டு அன்று நடந்ததைச் சொல்கிறேன். அம்மா மண்டபத்தில் கூட்டம் தாங்காது என்று சிலர் பக்கத்தில் ஒரு சின்னப் படித்துறைக்கு வருவார்கள். லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கல்யாணமாகி முதல் ஆடி. பெண்ணுக்குத் தாலிக்கயிறு மாற்றினார்கள். புது மஞ்சள் கயிற்றைக் கோக்கும்போது பழைய கயிற்றிலிருந்து ஒரு லட்சுமி காசும் ஒரு குண்டும் நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டன. நல்லவேளை, தாலிப் பொட்டு கையில் நின்றுவிட்டது. அந்தப் பெண் போட்ட சத்தத்தில் சுற்றி இருந்த பதினைந்து பேர் உதவி செய்கிறேன் என்று ஒரே நேரத்தில் இறங்கிவிட்டார்கள். ஆளாளுக்குக் காலால் கிளறினார்கள். ஒருவர் அண்டாவால் மண்ணை வாரிக் கரையில் கொட்டினார். இன்னொருவர் அதே மண்ணைக் காலால் திரும்பத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார்.

எனக்குத் தகவல் வந்து போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. எங்கே விழுந்தது என்று கேட்டேன். மாப்பிள்ளை மூன்றாவது படி என்றார். பெண், "இல்லைங்க, அந்த அரசமரத்துக்கு நேரா" என்றாள். மாமியார் சொன்ன அடையாளம் இன்னும் விசேஷம்: "நீலச் சட்டை போட்ட ஒரு பையன் நின்னான் பாருங்க, அவன் காலடியில." நீலச் சட்டைப் பையன் வீட்டுக்குப் போய் மதியச் சாப்பாடே முடித்திருப்பான். மூன்று பேர் காட்டிய மூன்று இடங்களுக்கும் நடுவே நாற்பது அடி இருந்தது. இருட்டும்வரை தேடினேன். படி ஓரமாகக் காயிலைக் கொண்டுபோனாலே மெஷின் அலறுகிறது. கான்கிரீட்டுக்குள் கம்பி. கருங்கல் படியாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கடைசியில் மாமியார்தான் வாயைத் திறந்தார். "விடுங்க தம்பி, காவேரித் தாய்க்குத்தானே போச்சு" என்றார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டே போய் வேனில் ஏறினாள்.

அன்று எனக்குத் துணையாக இறங்கியவர் அங்கே காசு எடுக்கும் ஒரு தம்பி. பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் வீசி இழுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் இப்போது காந்தத்தில் ஒட்டும் எவர்சில்வரில் வருவதால் அந்தத் தொழில் நடக்கிறது. பித்தளை நிறத்து ஐந்து ரூபாயும் இரண்டு நிறத்துப் பத்து ரூபாயும் ஒட்டாது. அவற்றை அவர் காலால் எடுக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் மண்ணைத் தடவி, அகப்பட்டதை இரண்டு விரலுக்கு நடுவே கவ்வி, காலை மடக்கிக் கைக்குக் கொண்டுவருவார். நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு போன முதல் நாள், "நீங்க அந்தப் பக்கம் கத்தவிடுங்க சார், நான் இந்தப் பக்கம் பாக்கறேன்" என்றார். ஏழு வெற்றியில் இரண்டு உண்மையில் அவருடைய கால் எடுத்தது. என் நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

இனி கிடைத்த கதை ஒன்று. ஒரு தை அமாவாசைக்கு முசிறியிலிருந்து வந்தவர் தர்ப்பணம் முடித்துவிட்டு விரலிலிருந்த பவித்திரத்தைக் கழற்றி ஆற்றில் விட்டிருக்கிறார். தர்ப்பையோடு சேர்ந்து அதே விரலில் இருந்த கல்யாண மோதிரமும் போய்விட்டது. இது அடிக்கடி நடக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், எள்ளும் தண்ணீரும் பட்டு வழுக்கும், கழற்றுகிற வேகத்தில் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். ஆனால் இவர் அழவில்லை, கத்தவில்லை. பக்கத்தில் இருந்தவர்களை நகர்த்தினார். தான் நின்ற இடத்துக்கு நேராகக் கைப்பிடிக் கம்பியில் துண்டைக் கட்டினார். அப்புறம் படிகளை எண்ணினார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவராம், தலை எண்ணியே பழகியவர். எனக்குப் போனில் சொன்னது இதுதான்: "சார், மேலேருந்து பதினொன்னாவது படி, தெற்குக் கம்பத்துலேருந்து ஏழு தப்படி. விரலை ஒதறினது வலது பக்கம்."

அன்று தண்ணீர் அதிகமாக இருந்தது. மேட்டூர் அணையில் வழக்கமாக ஜனவரி 28-ஆம் தேதி பாசனத் தண்ணீரை அடைத்துவிடுவார்கள் என்பதால், அவசரப்பட வேண்டாம் என்று சொல்லி மாசியில் வரச் சொன்னேன். வந்தார். முழங்கால் அளவுதான் தண்ணீர். அவர் படியை எண்ணிக்கொண்டு இறங்கி, ஏழு தப்படி வைத்து நின்றார். அவரைச் சுற்றி நான்கு முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினேன். பத்தடிக்குப் பத்தடி. அதற்குள் மட்டும் காயிலை மண்ணில் உரசாமல் ஒரு விரற்கடை மேலே வைத்து, வயலில் சால் ஓட்டுவதுபோல வரிவரியாக நகர்த்தினேன். முதலில் வந்தது இரண்டு சோடா மூடி. இரும்புக்குக் கொர்ரென்று உடைந்த சத்தம் வரும். அடுத்தது பத்து ரூபாய். அப்புறம் மாத்திரை அட்டை, கரைந்துபோன சாமி படத்தின் தகரச் சட்டம், ஒரு செப்புத் தாயத்து. ஆற்றில் விடுகிற தாயத்தும் எந்திரத் தகடும் எவ்வளவு என்று எண்ணினால் ஊரில் உள்ள பாதிப் பேரின் கஷ்டம் தெரிந்துவிடும்.

நாற்பது நிமிடம் கழித்து, மூன்றாவது வரியின் முடிவில், மெல்ல 'ம்ம்' என்று ஒரு சத்தம். குறுக்கே போனாலும் அதே இடத்தில் அதே சத்தம். நீளப் பிடி போட்ட சல்லடைக் கரண்டியை அழுத்தி ஒரு வாரு வாரினேன். தண்ணீருக்குள் தோண்டும் குழி ஒரே விநாடியில் தூர்ந்துவிடும். அதனால் சத்தம் கேட்ட இடத்தில் இடது காலைப் பதித்துவிட்டுத்தான் வாரவேண்டும். கரண்டியில் கூழாங்கல்லும் கிளிஞ்சலும். மறுபடி காயிலை வைத்தால் இன்னும் அங்கேயே முனகுகிறது. இரண்டாவது வாரலில் சத்தம் மண்ணிலிருந்து கரண்டிக்கு மாறிவிட்டது. தண்ணீரில் ஆட்டி ஆட்டி மணலை விட்டேன். கடைசியாகச் சல்லடை ஓட்டையில் சிக்கிக்கொண்டு நின்றது மோதிரம். உள்பக்கத்தில் அவர் மனைவியின் பெயரின் முதல் எழுத்து. கண்டக்டர் அதை வாங்கி, போட்டுக்கொள்ளாமல் சட்டைப் பையில் வைத்து, பைக்குப் பட்டனும் போட்டார்.

லால்குடிப் பெண்ணுக்கும் இவருக்கும் இருந்த வித்தியாசம் அந்தப் பதினோராவது படியும் ஏழு தப்படியும்தான். மெஷின் இரண்டு நாளும் ஒரே மெஷின்.

போன் செய்தவர்களில் இரண்டு பேர் கடலைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவர் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் வளையலை விட்டவர். உப்புத் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஆற்றுக்கு ஆகிற மெஷின் அலைக்குள் புலம்ப ஆரம்பித்துவிடும். அதற்கு விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்புகிற வேறு ரகம் இருக்கிறது. ஆனால் அது இரும்பு ஆணிக்கும் தங்கத்துக்கும் வித்தியாசமே காட்டாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கம் கருமணல் கடற்கரையில் ஒருமுறை என் மெஷினைப் போட்டுப் பார்த்தேன். வாயை மூடவே இல்லை. மணலே கனிமம்.

வேறு சிலர் பங்கு பேசுகிறார்கள். "கிடைத்தால் பாதி உங்களுக்கு" என்கிறார்கள். எனக்கு வேண்டாம். ஆனால் தெரிந்துகொள்வது நல்லது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 168-ஆவது பிரிவின்படி, கண்டெடுத்தவர் தானாகப் பட்ட சிரமத்துக்குக் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் கூலி தரும்வரை பொருளை வைத்துக்கொள்ளலாம். உரியவர் இவ்வளவு வெகுமதி என்று அறிவித்திருந்தால் அதைக் கேட்டு வழக்கும் போடலாம். உரியவர் யாரென்று தேடாமல் அமுக்கிக்கொண்டால் அது குற்றம். பழங்காசு ஆசையில் கூப்பிடுகிறவர்களும் உண்டு. கரூரில் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்திருக்கின்றன, உண்மை. அதற்கு 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனால் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். அந்த வேலைக்கு நான் வருவதில்லை.

ஒருமுறை தேடிக்கொண்டிருந்தபோது வெள்ளி மெட்டி இரண்டு கிடைத்தன. வெள்ளிக்கு மெஷின் மணி அடித்த மாதிரி தெளிவாகக் கத்தும். கரண்டியில் பார்த்தால் இரண்டையும் வெள்ளைத் துணியில் வைத்து நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. துணி பாதி மக்கிவிட்டது. காசு எடுக்கும் தம்பி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொலைந்த பொருளை யாரும் கட்டி வைத்துத் தொலைக்கமாட்டார்கள். கொஞ்சம் ஆழமான இடமாகப் பார்த்துத் திரும்பப் போட்டுவிட்டு வந்தோம். நோட்டில் அதை ஏற்றவில்லை.

இப்போது என் கோரிக்கை. படித்துறைகளில் கைப்பிடிக் கம்பிகள் இருக்கின்றன. அந்தக் கம்பங்களுக்கு 1, 2, 3 என்று பெரிதாக எண் எழுதவேண்டும். படிகளின் ஓரத்திலும் மேலிருந்து கீழாக எண் எழுதவேண்டும். இவ்வளவுதான். "ஒன்பதாம் கம்பம், ஏழாம் படி" என்று ஒருவர் சொல்லிவிட்டால் நாற்பது அடி ஐந்து அடியாகிவிடும். நகைக்கு மட்டும் இல்லை, குளிக்கிறவர் யாராவது தடுமாறினாலும் தீயணைப்புக்காரர்களுக்கு இடம் சொல்ல அந்த எண் உதவும். ஆடிப்பெருக்குக்கும் அமாவாசைக்கும் போடுகிற போலீஸ் பந்தலில் ஒரு நோட்டு வைத்து, என்ன பொருள், எவ்வளவு எடை, எந்தக் கம்பம், எந்தப் படி, போன் நம்பர் என்று எழுதிக்கொண்டால் தண்ணீர் வடிந்தபிறகு தேடலாம். வெள்ளம் ஓடும்போது யாரும் இறங்க வேண்டியதே இல்லை.

இதைச் சொல்லிச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மூன்று முறை போய்விட்டேன். முதல் முறை மனுவாகக் கொடுங்கள் என்றார்கள். இரண்டாம் முறை மனு வேறு பிரிவுக்குப் போயிருக்கிறது என்றார்கள். மூன்றாம் முறை, எந்த நிறத்தில் எழுதுவது என்பதற்கு மேலே கேட்க வேண்டும் என்றார்கள். அதன்பிறகு கிணற்றில் போட்ட கல்தான். அதைத் தேட மெஷினும் கிடையாது.

படித்துறைக்கு வரும் பெண்களுக்கு என் மனைவி ஒன்று சொல்லச் சொன்னாள். கயிறு மாற்றும்போது தண்ணீருக்குப் பக்கத்துப் படியில் உட்கார வேண்டாம், நான்கு படி மேலே உட்காருங்கள், மடியில் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள், பழைய கயிற்றை ஆற்றில் விடுவதற்கு முன் பொட்டு, காசு, குண்டு எல்லாவற்றையும் இரண்டு தடவை எண்ணுங்கள். அவள் நாற்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறாள். தர்ப்பணம் பண்ணுகிற ஆண்கள் மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரலாம். அப்படியும் விழுந்துவிட்டால், யாரையும் இறங்கவிடாதீர்கள். நின்ற இடத்தை விட்டு நகராமல் கம்பியில் ஒரு துணியைக் கட்டுங்கள், படியை எண்ணுங்கள்.

போன பங்குனியில் பொறுக்கமுடியாமல் நானே ஒரு டப்பா சிவப்பு பெயிண்ட்டும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் அந்தச் சின்னப் படித்துறைக்குப் போனேன். எட்டாம் கம்பம் வரை எழுதிவிட்டேன். ஒன்பதுக்கு வரும்போது அங்கே காவலுக்கு இருந்தவர் வந்து, "யாரைக் கேட்டு எழுதறீங்க?" என்றார். யாரைக் கேட்கவேண்டும் என்றுதான் எனக்கும் தெரியவில்லை. நிறுத்திவிட்டேன். அந்த எட்டு எண்களும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. இந்த ஆடியில் காசு எடுக்கும் தம்பி போன் செய்தார். "சார், ஆறாம் நம்பருக்கு நேரா ஒரு அம்மா கம்மலை விட்டுட்டாங்க, ஆள் யாரையும் எறங்கவிடாம நிக்கறேன், வாங்க" என்றார். கிடைத்தது. ஒற்றைக் கம்மல், திருகாணி இல்லாமல்.

டப்பாவில் முக்கால்வாசி பெயிண்ட் மிச்சம் இருக்கிறது. அனுமதி என்று ஒரு வரி யாராவது எழுதிக் கொடுத்தால் ஒன்பதிலிருந்து தொடங்கத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஸ்ரீரங்கம்.